பழைய இலையா, புது இலையா

செம்பு வலக்கையில் இருக்கிறது. செடி வளர்க்கிற துணிக் கூடாரத்தின் ஸிப்பை இடக்கையால் முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம்வரை இழுத்தாயிற்று, அதற்குமேல் இழுக்க இடத்தோள் வராது. செம்பைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுக்கலாம், ஆனால் வேலுக்கு வார்த்த தண்ணீரைத் தரையில் வைக்கக்கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பேராதனையில் தாவரவியல் படித்தவள், யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்கு அதையே படிப்பித்தவள், எழுபத்தெட்டு வயதில் ஒரு செம்பைத் தரையில் வைக்கப் பயந்து ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மன்டில் பாதி திறந்த கூடாரத்துக்கு முன்னால் நிற்கிறேன். மேலே என் மகள் ஆரபி தூங்குகிறாள். தூங்குகிறாளோ, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளோ. மூன்றாவது கீமோ முடிந்து இன்றைக்கு ஐந்தாம் நாள், ஐந்தாம் நாள்தான் மோசம் என்று அவளே எண்ணி வைத்திருக்கிறாள். விடிய ஒரு வாய் கஞ்சி கொடுத்தேன். அது உள்ளே போனதைவிட வேகமாக வெளியே வந்தது. கிண்ணத்தைக் கழுவும்போது அதில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை என்று தோன்றியது. பருக்கைகளை நான் எண்ணவில்லை. எண்ணினேனோ என்னவோ. அவள் "சொறி அம்மா" என்றாள். சத்தி எடுத்துவிட்டுத் தாயிடம் மன்னிப்புக் கேட்கிற பிள்ளை. சின்ன வயதில் பால் கொட்டினாலும் மன்னிப்புக் கேட்டதில்லை, மேசையைத்தான் குற்றம் சொல்வாள்.

உள்ளே வெளிச்சம் வெள்ளையும் இல்லை, ஊதாவும் இல்லை. சூரியனை ஒரு தட்டில் ஒட்டி மேலே தொங்கவிட்ட மாதிரி. மூலையில் சின்ன மின்விசிறி ஒன்று தலையை ஆட்டி ஆட்டி யாருக்கோ ஓம், ஓம் என்கிறது. மூன்று செடிகள். கஞ்சாச் செடிகள். இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. "எங்கட ஊரிலை இதை வளர்த்தா பொலிஸ் வந்து நிக்குமே தம்பி" என்று செந்தூரனிடம் சொன்னேன். செந்தூரன் என் மருமகன், ஆரபியின் கணவர். "இஞ்சை வீட்டுக்கு நாலு வளர்க்கலாம் மாமி, சட்டமே விட்டிருக்கு. எங்களிட்டை மூண்டுதான். இன்னும் ஒண்டு நீங்களும் நடலாம்" என்று சிரித்தார். கொழும்பில் இருக்கிற தங்கச்சி தொலைபேசியில் கேட்டால் "ஆரபிக்கு மூலிகை மருந்து ஒன்று கொடுக்கிறோம்" என்பேன். என்ன மூலிகை என்பாள், ஒரு கனடா மூலிகை என்பேன். பொய் இல்லை. மணத்தை மட்டும் மறைக்க முடியாது. மழையில் நனைந்த மரநாயும் எலுமிச்சந்தோலும் சேர்ந்த மாதிரி ஒரு மணம், சேலைத் தலைப்பில் ஏறிவிட்டால் துவைத்தாலும் போவதில்லை. சத்தியை நிறுத்த டொக்டர் கொடுத்த குளிசை அவளுக்கு ஒத்துவரவில்லை. கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெயில் நெஞ்சு படபடத்து ஒரு பகல் முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். செந்தூரனின் சிநேகிதர் ஒருவர் தன் வீட்டுச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயில் இரண்டு துளி விட்டபோதுதான் அரைத்தட்டுப் புட்டும் ஒரு துண்டு மீனும் சாப்பிட்டாள். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு வந்து இன்னும் கொஞ்சம் சொதி விட்டேன். அந்தச் செடியின் ஒரு கிளையை வெட்டித் தந்தார். இங்கே வேர் விட்டது. அந்தச் சிநேகிதர் வீடு மாறிப்போனபோது அவருடைய செடியும் போய்விட்டது. ஆகவே உலகத்தில் அந்தச் செடி இது ஒன்றுதான், முன்னால், என் முழங்காலுக்குக் கிட்ட இருக்கிற இந்தச் சட்டியில். பின்னால் இருக்கிற இரண்டும் வேறு விதையில் வந்தவை, பெயருக்கு இருக்கின்றன. குளிர்பெட்டியில் பழைய எண்ணெய் ஒரு குட்டிப் போத்தல், அதன் அடியில் மிஞ்சியது இரண்டு கிழமைக்குத்தான் காணும். கீமோ இன்னும் மூன்று. இந்தச் செடி பூத்து முற்ற ஐந்து கிழமை வேண்டும்.

இது மஞ்சளாகிறது. எந்த இலை? பழைய இலையா, புது இலையா? வகுப்பில் நான் கேட்கும் முதல் கேள்வி அது. ஒரு செடி வெளுத்தால் உரப்பையைத் தேடி ஓடாதீர்கள், முதலில் நின்று பாருங்கள், வெளுத்தது எது என்று பாருங்கள். கீழே உள்ள பழைய இலை வெளுத்தால் நைதரசன் குறைவு. புது இலை வெளுத்தால் அது வேறு கதை. பின்வரிசை வாங்கில் யாரோ "பூசணி" என்று முணுமுணுப்பார்கள். நாகபூஷணி என்ற பெயரைப் பிள்ளைகள் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தார்கள், தாவரவியல் ரீச்சருக்குப் பொருத்தமான பெயர் என்று எனக்கும் உள்ளூரச் சந்தோஷம். கரும்பலகையில் ஒரு செடி வரைவேன். அடி இலையிலிருந்து நுனிக்கு ஓர் அம்புக்குறி. நைதரசன் நகரக்கூடியது பிள்ளைகளே. மண்ணில் இல்லாமல் போனால் செடி தன் பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். பழைய இலை தன் பச்சையைக் கொடுத்துவிட்டு வெளுக்கும், பிறகு விழும். அதைச் சொல்லும்போது எனக்கு முப்பது வயது. எவ்வளவு இலகுவாகச் சொன்னேன், விழும் என்று. சோக்கைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அடுத்தது இரும்பு. இரும்பு நகராது. பழைய இலையில் எவ்வளவு இருந்தாலும் அதைத் தளிருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இரும்பு கிடைக்காவிட்டால் பழைய இலைகள் கரும்பச்சையாக நிற்க, தளிர் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாய், நடுவில் எல்லாம் மஞ்சளாய், வலை போட்ட மாதிரி. இந்தச் செடியின் உச்சியில் இருக்கிற ஏழு விரல் இலை அப்படித்தான் இருக்கிறது. மஞ்சள் கையில் பச்சை நரம்பு. என் புறங்கை நரம்பும் இந்த வெளிச்சத்தில் பச்சையாகத்தான் தெரிகிறது.

பழைய இலை பச்சையாக நிற்கிறது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். காலையில் மூன்று இடியப்பம். சம்பலில் உறைப்புக் காணாது என்று இன்னும் ஒரு மிளகாய் கடித்தேன், பிறகு அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று வெட்கப்பட்டேன். பிரஷர் இல்லை, சீனி இல்லை. "உங்கட அம்மாவுக்கு வயதுக்கு மீறின சுகம்" என்று டொக்டர் ஆரபியிடம் சொன்னாராம், அவள் அதைப் பெருமையாக வந்து சொன்னாள். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுபத்தெட்டில் கரும்பச்சை, நாற்பத்தாறில் மஞ்சள். வரிசை தவறிவிட்டது. நைதரசனாக இருந்திருக்கக் கூடாதா. அம்புக்குறி கீழிருந்து மேலே போகிற ஒன்றாக இருந்திருக்கக் கூடாதா. எடுத்துக்கொள் என்று கிடந்திருப்பேன், கேட்கக்கூடத் தேவையில்லை. அவளுக்கு வாயெல்லாம் இரும்பு ருசி. கீமோ தொடங்கிய பிறகு எதைக் கொடுத்தாலும், தேத்தண்ணி, மாம்பழம், வெறும் தண்ணீர், எல்லாம் இரும்புதான். "பழைய தகரப்பேணியை நக்கிற மாதிரி அம்மா" என்றாள். மேலே ஒருத்தி வாய் முழுக்க இரும்போடு பட்டினி கிடக்கிறாள், கீழே ஒன்று இரும்பில்லாமல் வெளுக்கிறது, நடுவில் படிக்கட்டு, படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு நான். இந்த நினைப்பை யாரிடமாவது சொன்னால் கிழவிக்கு விசர் என்பார்கள். ஆரபியிடம் சொன்னால் சிரிப்பாள். சிரித்து எத்தனை நாள்.

ஆனால் இரும்பு இல்லாமல் இல்லை. அதுதான் முள். செந்தூரன் கொடுக்கிற நீர்உரத்தில் இரும்பு இருக்கிறது, போத்தலில் எழுதியிருக்கிறது, நான் கண்ணாடி போட்டு வாசித்தேன். போதாது என்று போன கிழமை தனியாக இரும்பு வாங்கிக் கலந்தார். உச்சி இன்னும் வெளுத்தது. பிறகு உரத்தைக் கூட்டினார், இலை நுனி கருகியது. வெளிச்சத்தை ஒரு சாண் உயர்த்தினார். பின்வாங்கில் இருக்கிற இரண்டுக்கும் அதே தண்ணீர், அதே உரம், அதே வெளிச்சம். அவை கொழுகொழுவென்று நிற்கின்றன, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி. நோய் முன்வாங்கில் மட்டும். நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே கீழே இறங்கினார். பனி உருகிப் படிக்கட்டு முழுக்கச் சேற்றுக் காலடி. நான் துணியோடு பின்னால் வந்தேன். சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து மண்ணின் மேலே படிந்திருந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார். "உப்புப் பூத்திருக்கு மாமி. நான்தான் உரத்தைக் கூடக் குடுத்திட்டன்" என்றார். "தண்ணியை அளந்துதானே குடுக்கிறியள் தம்பி" என்றேன். "ஓம். ஒவ்வொரு முறையும் அளந்துதான். ஆறு தசம் ரெண்டு. சரியாய்த்தான் குடுக்கிறன்." பேனை மாதிரி ஒரு கருவி, தண்ணீரில் வைத்தால் புளிப்பா காரமா என்று எண் காட்டும். எங்கள் காலத்து லிட்மஸ் தாளின் பேரன். அதைத் துடைத்து மூடிபோட்டுச் சட்டைப்பையில் வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார். "என்ரை கையிலை ஒண்டும் வளராது மாமி. சின்னனிலை அம்மா சொல்லுறவ, நீ பாத்தாலே பயித்தங்கொடி பட்டுப்போகுமெண்டு." பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எழும்பவில்லை. பெரிய மனிதர், ஆறடி, லொறி ஓட்டுகிறவர், அந்தச் சின்னச் சட்டிக்கு முன்னால் குந்தியபடி இருந்தார். நான் சேற்றைத் துடைத்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளை எனக்குத் தெரியும். தெரிந்ததா, அப்போதே தெரிந்ததா, இப்போதுதான் தெரிகிறதா. செம்பு கனக்கிறது. இரண்டாவது கீமோவுக்கு அடுத்த நாள் நான் முருகனுக்கு நேத்திக்கடன் வைத்தேன். நாற்பத்தெட்டு நாள், ஒருநாளும் தவறாமல், விடிய முழுகி, சாமியறையில் இருக்கிற சாண் உயர வெண்கல வேலுக்குப் பாலும் தண்ணீரும் வார்த்து, ஒரு பிடி திருநீறும் சொரிந்து திரும்ப வார்ப்பதென்று. இரண்டு விரலால் எடுக்கிற பிடி இல்லை, உள்ளங்கை நிறைய. கஞ்சத்தனமாகக் கேட்டால் கஞ்சத்தனமாகக் கிடைக்கும் என்று ஒரு பயம். ஊரிலிருந்து தங்கச்சியின் மகன் கொண்டுவந்த திருநீறு, அசல் சாணத்தைச் சுட்டது, பெரிய பொதியாக இருந்தது, இப்போது கால்வாசிதான். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? கால் மிதிபடாத இடத்தில், ஒரு செடியின் அடியில். அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் அப்படித்தான், அது யோசிக்கிற விஷயமே இல்லை, கை தானாகப் போகும். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் ஊற்றச் சொன்னால் கை கேட்காது. இலையுதிர்காலம்வரை முன்வாசலில் ரோசா இருந்தது. பனி வந்து அதை மூடியது. முதல் பனியிலேயே நான் வாசல்படியில் சறுக்கி விழுந்து எழும்பினேன், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் செந்தூரன் "மாமி, பனி முடியுமட்டும் வெளியிலை கால் வைக்கப்படாது. ஒரு ஆளைத்தான் என்னாலை பாக்கேலும்" என்றார். அந்தக் கடைசி வசனத்துக்காக நான் அவர் சொல் கேட்டேன். வீட்டுக்குள் மூன்று பூச்சட்டிகள் இருந்தன. கீமோ தொடங்கியதும் தாதி சொல்லி அவற்றையும் அகற்றிவிட்டோம், நோயாளிக்குக் கிட்ட மண்சட்டி கூடாதாம், பூஞ்சணம் வருமாம். ஆகவே வீட்டில் மண் என்று இருப்பது இந்தக் கூடாரத்துக்குள்தான். ஆரபி இங்கே இறங்குவதில்லை. செந்தூரன் வேலைக்குப் போன பிறகு, ஒன்பது மணிக்கு, நான் இறங்குவேன். எட்டாத பின் சட்டிகளை விட்டு, கைக்கு எட்டுகிற இந்த முன் சட்டியில், இவளுடைய செடியில், எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொண்டே, முருகா என்று வார்ப்பேன். புளித்த பாலின் மணம் வந்திருக்கும், மரநாய் மணம் அதை மூடியிருக்கும்.

சாம்பல் காரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மண் காரமானால் இரும்பு இருக்கும், கரையாது. வேரின் வாசலில் நிற்கும், உள்ளே போக முடியாது. சாப்பாடு முன்னால் இருக்கிறது, சாப்பிட முடியவில்லை. இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன். அவர் உள்ளே போகிற தண்ணீரை அளக்கிறார். வெளியே வருகிற தண்ணீரை ஒருவரும் அளக்கவில்லை. அளக்கிற பேனை மேசையில் இருக்கிறது, இன்றைக்குச் சட்டைப்பையில் எடுத்துப்போக மறந்திருக்கிறார். சட்டிக்கு அடியில் தட்டில் நேற்று வடிந்த நீர் கொஞ்சம். செம்பை இடக்கைக்கு மாற்றுகிறேன். குனிகிறேன், முழங்கால் சொடுக்குகிறது. பேனையை வைக்கிறேன். எண்கள் ஓடுகின்றன, ஏழு, ஏழரை, மெல்ல மெல்ல, பரீட்சை முடிவை வாசிக்கிற பிள்ளை மாதிரி நான் மூச்சை அடக்கிக்கொண்டு. எட்டு தசம் ஒன்று. நின்றுவிட்டது. திரும்பத் துடைத்து வைக்கிறேன். எட்டு தசம் ஒன்று. ஆறு தசம் இரண்டு உள்ளே போகிறது, எட்டு தசம் ஒன்று வெளியே வருகிறது, இடையில் இருப்பது என் நேத்தி. முப்பத்திரண்டு உள்ளங்கைகள். முப்பத்துமூன்றாவது இடக்கையில் இருக்கிறது.

எப்போதிலிருந்து எனக்குத் தெரியும். பதினெட்டாம் நாள் முதல் மஞ்சளைக் கண்டேன். அன்றைக்கே நின்று பார்த்தேனா, வெளுத்தது எது என்று. பார்த்தேன். பார்த்துவிட்டு வார்த்தேன். இருபத்தைந்தாம் நாள் சாம்பல் என்று ஒரு சொல் மனத்துக்குள் வந்தது, வந்தவுடன் அதன்மேல் வேறு எதையோ போட்டு மூடினேன், அடுப்பில் பால் இருக்கிறதென்றோ, தொலைபேசி அடிக்கிறதென்றோ. வார்த்தேன். ஏனென்றால் நேத்தி முறிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. செடி பட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்த பயத்தைவிடத் தெரியாத பயம் பெரிது. நேற்று ஒரு மனிதன் என் சாம்பலைத் தொட்டுப் பார்த்துத் தன் கையைக் குற்றம் சொன்னான். நான் குனிந்து சேறு துடைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை செய்த பிழையை இன்னொரு பிள்ளை ஏற்றுக்கொண்டு நிற்பாள், செய்தவள் மேசைக்குள் புத்தகம் தேடுவாள். அந்தத் தேடுகிறவளின் பிடரியைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். என் பிடரியை யார் பார்த்தார்கள். விசிறி ஓம், ஓம் என்கிறது. இன்றைக்கும் வார்த்துவிடலாம். இன்னும் பதினைந்து நாள்தான். இல்லை, பதினைந்து நாளில் இது செத்துப்போகும். பின்சட்டிக்கு வார்க்கலாம். அதுவும் ஒரு செடி, அதுவும் வெளுக்கும். தொட்டியில் ஊற்றிவிட்டு ஊற்றவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். வேலுக்குத் தண்ணீரும் பாலும் மட்டும் வார்த்தால்? ஒரு பிடி என்று சொல்லி நேர்ந்தேனே. முருகனுக்கு வேதியியல் தெரியாதா. தெரியும், எல்லாம் தெரியும், தெரிந்துதான் முப்பத்திரண்டு நாள் பார்த்துக்கொண்டு நின்றாரா. அவரோடு எனக்குக் கோபம் வருகிறது, உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, கையில் செம்பு.

"அம்மா." மேலிருந்து. கதவு திறக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. "அம்மா, அங்கை என்ன செய்யிறியள்? அரை மணித்தியாலமா ஒரு சத்தமும் இல்லை. விழுந்திட்டியளோ?" படிக்கட்டின் தலைப்பில் நிற்கிறாள், சாம்பல் நிறப் போர்வை, தலையில் அந்த நீலத் துண்டு, துண்டுக்குக் கீழே புருவம் இல்லாத நெற்றி. இறங்காதே பிள்ளை, மண் இருக்கு, என்று சொன்னேன். சொல்ல நினைத்தது அதில்லை. நாலு படி ஏறினேன். அதற்குமேல் ஏற முடியவில்லை, வயதால் இல்லை. "ஆரபி. உன்ரை செடியை நான்தான் கெடுத்தனான்." "என்ன?" "வேலுக்கு வாக்கிற தண்ணியை அதுக்குள்ளைதான் ஊத்தினனான். முப்பத்திரண்டு நாளா. திருநீறோடை. அதுதான் இரும்பு ஏறேல்லை. தம்பியிலை ஒரு பிழையுமில்லை." அவள் என்னைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஏதோ ஓடியது. சத்தி வரப்போகிறது என்று நினைத்து நான் அடுத்த படியில் கால் வைத்தேன். சத்தி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கி, சின்ன வயதில் கோயிலில் சிரிப்பை அடக்குவாளே அப்படி. "கஞ்சாவுக்கு அபிஷேகம் செய்திருக்கிறியள்." "சிரிக்காதை பிள்ளை." "அந்த மனிசன் இரும்புக்கு மேலை இரும்பு வாங்குது. நீங்கள் கீழை நிண்டு கந்தசஷ்டி நடத்திறியள். பூசணி ரீச்சரம்மா, எட்டாம் வகுப்புப் பாடமெல்லோ இது." "பத்தாம் வகுப்பு" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தாள், பிறகு மூச்சு வாங்கியது, படியில் இருந்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பிழைக்குமோ?" அவள் செடியைத்தான் கேட்டாள். செடியைத்தான். "அளந்த தண்ணியாலை மண்ணை வடிவாய்க் கழுவ வேணும். கன தரம், மெல்ல மெல்ல. வெளியிலை வாற தண்ணி ஆறரைக்கு வருமட்டும். வெளுத்த இலை அநேகமாய்த் திரும்பாது. இனி வாற இலையைத்தான் பாக்க வேணும். வேர் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். ரீச்சர் குரல் எங்கிருந்தோ வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. "பிந்திப் பூத்தாலும் பூக்கும். போத்தலிலை இருக்கிறதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்." "சரி. அவருக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?" "நான்தான் சொல்ல வேணும்." "போனிலை வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கேக்கை சிரிச்சு லொறியைக் கவிழ்த்துப் போடுவார்." பிறகு என் கையைப் பார்த்தாள். "இண்டையான் தண்ணி உதுதானே. என்ன செய்யப் போறியள்?" தெரியாது என்றேன். தெரியாது என்று அவளிடம் சொல்லி எவ்வளவு காலம். நான் தாய், நான் ரீச்சர், எனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "மிதிபடாத இடமாய் இருக்க வேணும் பிள்ளை. விட்டிட்டா நேத்தி முறிஞ்சிடும்." அவள் எழும்பினாள், நான் பிடிக்குமுன் தானே எழும்பினாள். "வாங்கோ" என்று குசினி வழியாகப் பின்கதவுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் ஈரத்துணி மாதிரி விழுந்தது. "மூடு பிள்ளை, உனக்கு ஆகாது." "ரெண்டு நிமிஷம். பாருங்கோ." வேலிவரை வெள்ளை. ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை, கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டியை விரித்த மாதிரி. கார்த்திகையிலிருந்து இந்தப் பின்வளவில் யாரும் கால் வைக்கவில்லை. வைக்க யாருக்கும் தேவையும் இல்லை. மிதிபடாத இடம் தேடி நான் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு படி இறங்கினேன், அது இந்தக் கதவுக்கு வெளியே எனக்காகக் கிடந்தது. "முயல் மிதிக்கும்" என்றேன், ஏனென்றால் ஏதாவது சொல்ல வேண்டும். "முயல் மிதிச்சா முருகன் கோவிக்க மாட்டார். நீங்கள் வாசல் தாண்ட வேண்டாம், இதிலை நிண்டே வீசுங்கோ. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துக்கு. பதினைஞ்சு நாளுக்கு வளவு காணும்." செம்பைத் தூக்கினேன். "பொறுங்கோ" என்றாள். போர்வைக்குள்ளிருந்து வலக்கை வெளியே வந்தது, குவிந்து, என் முன்னால். நகங்கள் கருத்திருந்தன, உள்ளங்கை மஞ்சளாக, அதன் நடுவில் அந்தப் பச்சை நரம்பு. தீர்த்தத்துக்கு நீட்டுகிற கை. மூன்று கிழமையாக அவள் எதற்கும் கை நீட்டவில்லை. எல்லாம் நானாகத்தான் கொண்டுபோய் வாயருகே பிடித்தேன். செம்பைச் சரித்தேன், இரண்டு துளி அவளுடைய மணிக்கட்டில் ஓடியது. குடித்தாள். கண்ணை மூடினாள். நான் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன், பேனையில் எண் ஓடி நிற்பதைப் பார்த்த மாதிரி. "இரும்போ?" என்றேன். அவள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள். "இல்லை அம்மா" என்றாள் மெல்ல, தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். "சாம்பல். சாம்பல் ருசிதான் வருது."

மிச்சத்தை வீசினேன். ஒரு கை தூரம்தான் போயிற்று. பனியில் சின்னக் குழி, அதன் ஓரம் நரைத்து, ஒரு கணம் ஆவி பறந்தது. அவள் அதைப் பார்த்தபடி என் தோளில் சாய்ந்தாள், குளிரில் அவளுடைய பல் கிடுகிடுப்பது என் எலும்பில் கேட்டது. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணினேன், பத்து, இருபது, உள்ளே போனது உள்ளேயே இருந்தது. அவளுடைய முழங்கால் மெல்ல மடிகிற மாதிரித் தெரிந்தது. செம்பை அப்படியே தரையில் வைத்தேன். அவளைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.